வெயிலும் காற்றும் போதும்: வீட்டில் வத்தல் போடுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சாத்தூர்ப் பக்கம் ஒரு கரிசல் காட்டு ஊரில், அம்மாச்சி வீட்டு மொட்டைமாடியில் வத்தலுக்குக் காவல் இருந்து வளர்ந்தவள் நான். இப்போது சென்னையில், கடலிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தூரத்தில், மூன்றாவது மாடி வீட்டில் குடியிருக்கிறேன். மாசி பிறந்துவிட்டால் போதும், அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களும் ஊரிலிருந்து தங்கச்சிமாரும் கேட்கிற கேள்விகள் வருஷா வருஷம் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

முதலில் பெயர்க் குழப்பம் ஒன்றைத் தீர்த்துவிடுகிறேன். எங்கள் பக்கம் வெறுமனே "வத்தல்" என்று சொன்னால் அது காய்ந்த மிளகாய்தான். மற்றதெல்லாம் காயின் பெயரோடு வரும்: சுண்டை வத்தல், மிதுக்கு வத்தல், சீனியவரை வத்தல். சென்னையிலும் தஞ்சாவூரிலும் கொத்தவரங்காய் என்பதைத்தான் நாங்கள் சீனியவரை என்கிறோம். அவர்களுக்கு வடாம், எங்களுக்குக் கூழ்வத்தல். கீழே வரும் பெயர்களை உங்கள் ஊர் வழக்குப்படி மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

காயப்போட ஏதாவது வாங்க வேண்டுமா?

ஒன்றும் வேண்டாம். பழைய பருத்தி வேட்டி, சொளகு (முறம்), எவர்சில்வர் தாம்பாளம், மேலே போர்த்த கிழிந்த கொசுவலைத் துண்டு. இவ்வளவுதான். கயிற்றுக் கட்டில் இருந்தால் இன்னும் நல்லது. அதன்மேல் துணி விரித்துக் காயப்போட்டால் அடியிலும் காற்று புகும்.

எதில் போடக் கூடாது என்பதில் மட்டும் கவனம் வேண்டும். உப்பும் மோரும் பட்ட காயை அலுமினியத் தட்டிலோ, ஈயம் பூசாத பித்தளையிலோ, துத்தநாகம் பூசிய தகரத்திலோ பரப்பாதீர்கள். புளிப்பு உலோகத்தை அரிக்கும். செய்தித்தாளும் ஆகாது. அச்சு மையில் இருப்பவை உணவில் ஏறும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-லேயே எச்சரித்திருக்கிறது. இப்போது பல மொட்டைமாடிகளில் பழைய பிளெக்ஸ் பேனரைத் திருப்பிப்போட்டுக் கூழ்வத்தல் ஊற்றுவதைப் பார்க்கிறேன். உச்சி வெயிலில் அதன்மேல் கை வைத்துப் பாருங்கள், மோந்து பாருங்கள். அந்த வாடையைப் பிள்ளைகள் தின்னப்போகும் பண்டத்தில் ஏற்ற வேண்டாம்.

நல்ல வெயில் அடிக்கிறது, ஆனாலும் நாலு நாளாகியும் காயவில்லை. ஏன்?

என்னிடம் அதிகம் பேர் கேட்கும் கேள்வி இதுதான். இதற்குப் பதில் புரிந்துவிட்டால் மற்றவை தானாக விளங்கும்.

காயிலுள்ள நீரைக் கொண்டுபோவது காற்று. வெயில் அதற்கு உதவுகிறது. காற்று ஏற்கெனவே ஈரத்தைக் குடித்து நிறைந்திருந்தால், என்னதான் வெயில் அடித்தாலும் காயின் ஈரம் போக இடம் இல்லை. எங்கள் ஊரில் பங்குனி மாதக் காற்று அவ்வளவு வறட்சி. காலையில் போட்ட மிளகாய் சாயங்காலம் சுருங்கிக் கிடக்கும். சீனியவரை இரண்டு வெயிலில் ஒடியும். அதே காயை, அதே பக்குவத்தில் சென்னையில் போட்டால் ஐந்து நாள் ஆகிறது. இங்கே வெயில் குறைச்சல் இல்லை. ஆனால் மத்தியான வாக்கில் கடல்காற்று உள்ளே வந்துவிடுகிறது. அது உடம்புக்குச் சுகம், வத்தலுக்கு ஈரம்.

அப்படியென்றால் வெயில் எதற்கு? காற்றைச் சூடாக்க. சூடான காற்று அதிக ஈரத்தைத் தாங்கும். காற்றின் சூடு சுமார் 11 டிகிரி செல்சியஸ் ஏறினால் அதன் ஒப்பு ஈரப்பதம், அதாவது தாங்கக்கூடிய ஈரத்தில் எத்தனை பங்கு ஏற்கெனவே நிறைந்திருக்கிறது என்ற கணக்கு, ஏறக்குறைய பாதியாகிவிடும். வெளியே 30 டிகிரியும் 80 சதவீத ஈரப்பதமும் இருக்கிற காலையில், தளம் சூடேறி அதன்மேல் இருக்கும் காற்று 41 டிகிரிக்குப் போனால் அங்கே ஈரப்பதம் 45 சதவீதத்துக்குக் கீழே வந்துவிடும். அதனால்தான் புல்தரையில் போட்டதைவிடச் சுட்ட தளத்தில் போட்டது சீக்கிரம் காய்கிறது.

சூடானால் மட்டும் போதாது. ஈரம் ஏறிய காற்று நகர்ந்து போய், அந்த இடத்துக்குப் புதுக் காற்று வரவேண்டும். சுற்றிலும் உயரமான கைப்பிடிச் சுவர் உள்ள மொட்டைமாடியில், சுவரை ஒட்டிய மூலையில் போட்டால் காற்று தேங்கும். நடுவில் போடுங்கள். ஒன்றன்மேல் ஒன்று குவியாமல், விரல் விடும் இடைவெளியோடு பரப்புங்கள். மத்தியானம் ஒரு தடவை புரட்டிவிடுங்கள். கடலோரத்தில் இருப்பவர்கள் காலை எட்டு மணிக்கே பரப்பிவிட வேண்டும். பதினொரு மணிக்கு மேல் போட்டு, வெயில் தாழ்ந்த பிறகு ஆறு மணிக்கு எடுப்பவர்கள் பாதி நேரத்தை ஈரக்காற்றில் கழிக்கிறார்கள்.

எந்த மாதம் சரி?

அக்னி நட்சத்திரத்துக்குக் காத்திருக்க வேண்டாம் என்பது என் கட்சி. கத்திரி மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடிகிறது. அந்த நாட்களில் வெயில் உச்சம்தான். கோடை இடிமழையும் அப்போதுதான் வரும். மாசி நடுவிலிருந்து பங்குனி முடியும்வரை வானம் தெளிவு, காற்று வறட்சி, மழைப் பயமும் குறைவு. அம்மாச்சி மகாசிவராத்திரி முடிந்த வாரத்தில் தொடங்கி சித்திரை பிறப்பதற்குள் முடித்துவிடுவாள். வேப்பம்பூ மட்டும் விதிவிலக்கு, அது பூக்கிறபோதுதான் கிடைக்கும்.

ஐப்பசி, கார்த்திகையில் தொடங்கவே தொடங்காதீர்கள்.

எந்தெந்தக் காயைப் போடலாம்?

சதை குறைவாகவும் தோலும் விதையும் அதிகமாகவும் உள்ள காய் எல்லாம் நன்றாக வரும். சுண்டை, மணத்தக்காளி, சீனியவரை, பாகல், வெண்டை, கத்திரி, மிளகாய், மாங்காய். எங்கள் கரிசலுக்கென்று மிதுக்கங்காய் உண்டு. காட்டில் தானாகக் கொடியோடும், கசக்கும் குட்டிக் காய். வெட்டி உப்புப் போட்டுக் காயவைத்து எண்ணெயில் பொரித்தால், பழைய சோற்றுக்கு வேறெதுவும் தேவையில்லை.

சுரை, பீர்க்கு, வெள்ளரி போன்றவை ஒன்றும் மிஞ்சாமல் வற்றிவிடும். வெள்ளைப் பூசணியை அப்படியே காயவைப்பதில் பலன் இல்லை. துருவிப் பிழிந்து உளுந்தோடு சேர்த்து வடகமாகப் போடுங்கள். வெங்காயத்தைத் தனியாக வீட்டில் காயவைக்க நான் முயன்று தோற்றேன். அதற்குக் கறிவடகம்தான் வழி. சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை எல்லாம் சேர்த்து விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி, பகலெல்லாம் காயவைத்து, சாயங்காலம் உதிர்த்துப் பிசைந்து, மறுநாள் மறுபடி உருட்டிப் போடுவது. பத்து நாள் வேலை. உதிர்த்து உருட்டுவதை விட்டுவிட்டால் உருண்டையின் நடுவில் ஈரம் நின்று ஊசிவிடும்.

வேகவைத்துத்தான் போட வேண்டுமா? எவ்வளவு பெரிதாக நறுக்குவது?

சீனியவரை, கத்திரி இரண்டையும் உப்பும் மஞ்சளும் போட்ட கொதிநீரில் இரண்டு மூன்று நிமிஷம் போட்டு அரைவேக்காட்டில் எடுத்து வடியவிடுங்கள். காயில் இயல்பாக உள்ள நொதிகள் அடங்கும். இல்லாவிட்டால் காய்ந்த பிறகும் நிறமும் மணமும் மாறிக்கொண்டே இருக்கும். தோலும் இளகுவதால் உள்ளே இருக்கும் நீர் வெளியே வர வழி கிடைக்கும். குழையும்வரை விட்டால் துணியோடு ஒட்டிக்கொள்ளும். கத்திரி வேகும் நீரில் கொஞ்சம் புளி கரைத்துவிட்டால் அவ்வளவாகக் கறுக்காது. பாகல், வெண்டை, மாங்காய்க்கு வேகவைக்கத் தேவையில்லை.

அரை சென்டிமீட்டர் கனத்துக்கு மேல் நறுக்காதீர்கள். அதைவிட முக்கியம், எல்லாம் ஒரே கனமாக இருப்பது. மெல்லியது கருகும் நேரத்தில் தடித்தது உள்ளே ஈரமாக இருக்கும். அந்த ஒன்றிரண்டு துண்டுதான் பிறகு மொத்தச் சம்படத்தையும் (மூடி போட்ட டப்பாவையும்) கெடுக்கும்.

மோரில் ஏன் ஊறவைக்கிறோம்? சுண்டைக்காயை ஒரு தடவை முழுசாகச் சொல்லித் தாருங்கள்.

காய் முழுதாகக் காய மூன்று நான்கு நாளாகும். அத்தனை நாளும் அது கெடாமல் இருக்க வேண்டுமே, அதற்குத்தான். மோரின் புளிப்பிலும் உப்பிலும் கெடுக்கும் கிருமிகள் பெருகுவது கடினம். உப்பு காயின் நீரையும் வெளியே இழுக்கும். பகலில் நீரை இழந்து வாடிய காய், ராத்திரியில் அந்த உப்பையும் புளிப்பையும் உள்ளே வாங்கிக்கொள்ளும். காவலும் ருசியும் ஒன்றாகக் கிடைக்கின்றன.

கால் கிலோ சுண்டைக்காய் எடுத்துக்கொள்ளுங்கள். பச்சையாக, கெட்டியாக, விதை முற்றாமல் இருக்க வேண்டும். காம்பு ஆய்ந்துவிட்டு, ஒவ்வொன்றையும் செம்பின் அடிப்பக்கத்தால் ஒரு தட்டு தட்டுங்கள். "டப்" என்று வாய் பிளக்க வேண்டும், நசுங்கக் கூடாது. நசுங்கினால் காய்ந்த பிறகு வெறும் தோல்தான் மிஞ்சும். தட்டியவுடன் தண்ணீரில் போட்டு இரண்டு தடவை அலசினால் கொஞ்சம் விதையும் நிறையக் கசப்பும் போய்விடும். விரல் நுனி கறுக்கும், இரண்டு நாளில் சரியாகிவிடும்.

அரை லிட்டர் நன்றாகப் புளித்த கெட்டி மோரில் இரண்டு மேசைக்கரண்டி கல்லுப்புக் கரைத்து, காயை அதில் போட்டு ராத்திரி மூடிவையுங்கள். மண்சட்டி அல்லது கண்ணாடிப் பாத்திரம். காலையில் காயை மட்டும் அரித்தெடுத்து வேட்டியில் பரப்புங்கள். மோரை ஊற்றிவிடாதீர்கள், வீட்டுக்குள் நிழலில் இருக்கட்டும். சாயங்காலம் காய் இன்னும் கதகதப்பாக இருக்கும்போதே அதே மோரில் திரும்பப் போடுங்கள். மறுநாள் காலையில் பார்த்தால் மோர் குறைந்திருக்கும், காய் மறுபடி உப்பியிருக்கும். மூன்றாம் நாள் ராத்திரிக்கு மோர் காயில் ஒட்டுகிற அளவுதான் மிஞ்சும். நான்காம் நாள் அதையும் இழுத்துக்கொண்டுவிடும். அதற்குப் பிறகு மோர் கிடையாது, வெயில் மட்டும். இரண்டு மூன்று நாளில் பச்சை போய்ப் பழுப்பாகி, கையில் அள்ளிப் போட்டால் கூழாங்கல் உதிர்வது போலச் சத்தம் வரும்.

மோர் மிளகாயும் இதே முறைதான். மிளகாயைக் காம்போடு வைத்துக்கொண்டு, நுனியில் சின்னதாகக் கீறுங்கள். கீறாத மிளகாய்க்குள் மோர் போகாது, உள்ளிருக்கும் ஈரமும் வெளியே வராது. வாயில் போட்டால் வெளியே உப்பு, உள்ளே வெறும் உறைப்பு. முதலில் இரண்டு நாள் வெயிலே காட்டாமல் மோரிலேயே ஊறட்டும். தினம் குலுக்கிவிடுங்கள்.

காய்ந்த மோர் மிளகாய்மேல் வெள்ளையாக இருக்கிறது. பூசணமா?

பெரும்பாலும் இல்லை. அது உப்பும் மோர்த் திப்பியும் காய்ந்து படிந்தது. விரலால் தேய்த்தால் மாவு போல உதிரும், நாக்கில் வைத்தால் கரையும். பூசணம் அப்படி இருக்காது. பஞ்சு போல, நூல் நூலாக நிற்கும். பச்சை, கறுப்பு, சாம்பல் நிறப் புள்ளிகள் தெரியும். அடைத்துக் கிடந்த அறையைத் திறந்தது போன்ற வாடை அடிக்கும். சந்தேகம் இருந்தால் நாக்கில் வைக்காமல் முதலில் மோந்து பாருங்கள்.

பூசணம் பிடித்த பகுதியை எடுத்துவிட்டு மிச்சத்தை வெயிலில் போட்டுப் பயன்படுத்தலாமா?

கூடாது. இதில் விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை. கண்ணுக்குத் தெரிவது பூசணத்தின் தலை மட்டும், அதன் இழை ஏற்கெனவே உள்ளே ஓடியிருக்கும். சில பூசணங்கள் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கும். நிலக்கடலை, சோளம், மிளகாய் வத்தல் இவற்றிலெல்லாம் அது வரும். ஈரலைத் தாக்கும், புற்றுநோய்க்கும் காரணமாகும். நாம் சமைக்கிற சூட்டில் அது அழியாது. கழுவினாலும் பொரித்தாலும் போகாது. மறுபடி வெயிலில் வைத்தால் பூசணம் சாகலாம், அது விட்டுப்போன நஞ்சு அங்கேயே இருக்கும். ஒரு வாரப் பாடு குப்பைக்குப் போகிறதே என்று வயிறு எரியும்தான். போகட்டும்.

கூழ்வத்தல் சரியாக வருவதே இல்லை. எங்கே தப்பு?

இந்தக் கேள்வியைப் பல வடிவத்தில் கேட்கிறார்கள், ஒன்றொன்றாகச் சொல்கிறேன்.

உப்புக் கரிக்கிறது என்றால், கூழில் ருசி பார்த்துச் சரியாக உப்புப் போட்டிருக்கிறீர்கள். நீர் வற்றிப் போகும், உப்பு வற்றாது. ஆகவே கூழை வாயில் வைக்கும்போது "இன்னும் கொஞ்சம் போடலாமே" என்று தோன்ற வேண்டும். பச்சைமிளகாய்க் காரத்துக்கும் இதே கணக்கு.

பொரித்தால் கல் போல இருக்கிறது என்றால், மாவு வேகவில்லை. எண்ணெயில் விழுந்ததும் அதிலிருக்கும் கொஞ்சநஞ்ச ஈரம் ஆவியாகி, வெந்த மாவை ஊதிப் பெரிதாக்குவதால்தான் வத்தல் பொரிகிறது. வேகாத மாவு அந்த ஆவியைப் பிடித்து வைக்காது. பச்சரிசி மாவைக் கரைத்து ஊற்றிய பிறகு, வெள்ளை நிறம் மாறிக் கண்ணாடி போலப் பளபளப்பு வரும்வரை கிண்டுங்கள். தண்ணீரில் நனைத்த விரலால் தொட்டால் ஒட்டக் கூடாது. ஜவ்வரிசி சேர்த்தால் அந்த மணியின் நடுவில் வெள்ளைப் பொட்டு இருக்கக் கூடாது. தடிமனாக ஊற்றினாலும் நடுவில் கல் நிற்கும்.

துணியை விட்டு வரவில்லை என்றால், வேட்டியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்துதான் விரித்தீர்களா என்று யோசியுங்கள். உலர்ந்த துணியில் ஊற்றக் கூடாது. காய்ந்ததும் நேராகப் பிய்க்காதீர்கள். துணியைக் கவிழ்த்துப் போட்டு, பின்பக்கம் தண்ணீர் தெளித்து, இரண்டு நிமிஷம் விட்டு இழுத்தால் ஒவ்வொன்றாகக் கழன்று வரும். கழற்றியதை மறுபடி ஒரு வெயில் காயவையுங்கள். அந்தத் தெளித்த தண்ணீரை மறந்துவிட்டு டப்பாவில் போட்டவர்கள் நிறையப் பேர்.

விரிசல் விட்டு நொறுங்கினால் கூழ் கெட்டி. அடுத்த தடவை கொஞ்சம் இளக்கமாகக் காய்ச்சுங்கள். நொறுங்கியதை வீணாக்க வேண்டாம், பொரித்து ரசத்தில் போடலாம்.

கீரையையும் வெயிலிலேயே போடலாமா?

வேண்டாம். முருங்கைக்கீரை, கறிவேப்பிலை, புதினா எல்லாம் நிழலில், வீட்டுக்குள், காற்றோட்டமான இடத்தில். நேர் வெயில் பட்டால் பச்சை வெளுக்கும், மணம் பறக்கும், வைட்டமின் ஏ ஆக மாறக்கூடிய சத்து வீணாகும். அலசி, நன்றாக உதறி, ஈரம் ஒட்டாமல் துணியில் பரப்பி மின்விசிறிக்குக் கீழே வையுங்கள். இலை மெல்லியதாக இருப்பதால் இரண்டு மூன்று நாளில் கையில் கசக்கினால் பொடியாகும்.

பாதி காய்ந்திருக்கும்போது மழை வந்துவிட்டது. என்ன செய்வது?

உள்ளே எடுத்து ஒரே பாத்திரத்தில் குவித்து மூடுவதுதான் பலர் செய்யும் முதல் தப்பு. மழை நின்று திறந்தால் புழுங்கிப்போயிருக்கும். மேசையில், கட்டிலில், தரையில், எங்கே இடம் இருக்கிறதோ அங்கே பரப்பி மின்விசிறியை ஓடவிடுங்கள். ராத்திரி முழுக்க ஓடட்டும். மோரில் போடும் காய் என்றால் கவலை குறைவு, புளித்த உப்பு மோரிலேயே ஒரு நாள் கூடுதலாகக் கிடக்கட்டும். மாங்காய்க்கும் கூடுதலாக ஒரு பிடி உப்புப் போட்டு நிறுத்தலாம்.

கூழ்வத்தலுக்குத்தான் தாங்கும் சக்தி இல்லை. முதல் நாள் மழையில் நனைந்தால் திரும்பவும் கூழாகிவிடும். மேல்பக்கம் இறுகியிருந்தால் துணியோடு தூக்கிவந்து உள்ளே கொடியில் போட்டு விசிறி காட்டுங்கள். கடைசி ஈரத்தைப் போக்க, அடுப்பை அணைத்த பிறகு கைச்சூடு பொறுக்கும் அளவில் இருக்கும் இரும்புத் தோசைக்கல்லில் பரப்பி வைக்கலாம். எரியும் அடுப்பில் வேண்டாம். அவசரச் சூட்டில் வெளித்தோல் இறுகிக்கொண்டு உள்ளே இருக்கும் ஈரத்தைச் சிறைவைத்துவிடும். தொட்டால் காய்ந்தது போலவே இருக்கும், ஒரு மாதத்தில் நடுவிலிருந்து கெடும்.

எங்களுக்கு மொட்டைமாடியே இல்லை.

ஜன்னல் ஓரம் மூன்று நான்கு மணி நேரம் வெயில் விழுந்தால் போதும். கால் கிலோ அளவுக்குப் போடுங்கள். வெயில் இருக்கும்போது ஜன்னலில், வெயில் போனதும் மேசை விசிறி முன்னால். நான் மூன்றாவது மாடிக்கு வந்த முதல் வருஷம் அப்படித்தான் மணத்தக்காளி போட்டேன். வெயிலில் நிறுத்திய காருக்குள் தட்டை வைத்துக் காயவைப்பவர்களும் உண்டு. உள்ளே 50 டிகிரியைத் தாண்டிவிடும், நன்றாகவே காயும். கண்ணாடியை இரண்டு விரற்கடை இறக்கிவையுங்கள், இல்லையென்றால் ஆவி வெளியே போகாமல் காய் வேகும். கறிவேப்பிலையைத் தட்டில் பரப்பி மூடாமல் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தாலும் ஒரு வாரத்தில் பச்சை மாறாமல் காய்ந்துவிடும்.

காக்கா, ஈ, தூசி?

வலைத்துணியை நாலு பக்கமும் கல் வைத்துக் கட்டுங்கள், வத்தலில் படாமல் கொஞ்சம் உயர்த்தி. கறுப்புக் குடையை விரித்துப் பக்கத்தில் வைத்தால் காக்கா இரண்டு நாள் வராது, மூன்றாம் நாள் பழகிவிடும். எங்கள் காலத்தில் பரீட்சை லீவில் இருக்கும் பிள்ளைகள்தான் காவல். பாதிக் காய்ந்த கூழ்வத்தலை நாங்கள் தின்றதுதான் காக்கா தின்றதைவிட அதிகம். தெருவோர வீடு என்றால் தரைத் தளத்தில் போடவே வேண்டாம்.

காய்ந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

காதால். சொளகில் போட்டுப் புடைத்தால் கலகலவென்று கேட்க வேண்டும். "பொத் பொத்" என்று விழுந்தால் இன்னும் வெயில் பாக்கி. சீனியவரை இரண்டாக மடங்காமல் படக்கென்று ஒடிய வேண்டும். பாகல் வட்டத்தின் நடுப்பகுதியை அமுக்கினால் பள்ளம் விழக் கூடாது. மிளகாயை ஆட்டினால் விதை உள்ளே உருள வேண்டும். வெயிலிலிருந்து எடுத்த உடனே பார்க்காதீர்கள், சூட்டில் எல்லாமே கொஞ்சம் இளகித்தான் இருக்கும். நிழலில் ஒரு மணி நேரம் ஆறவிட்டுப் பாருங்கள்.

தராசு இருந்தால் இன்னொரு வழி. பாகற்காயில் நூற்றுக்கு 92 பங்கு நீர். ஒரு கிலோவில் நீரில்லாத சரக்கு 80 கிராம்தான். அதோடு நூற்றுக்குப் பத்து ஈரம் மிஞ்சினால் 90 கிராம் வாக்கில் நிற்க வேண்டும், போட்ட உப்பு தனி. 150 கிராம் இருந்தால் அது காய்ந்ததாக அர்த்தம் இல்லை.

நன்றாகக் காயவைத்தும் டப்பாவில் கெட்டுப்போகிறது.

எனக்கும் நடந்திருக்கிறது. கல்யாணமான புதிதில், மாமியார் மெச்ச வேண்டும் என்று இரண்டு கிலோ மணத்தக்காளி போட்டேன். கடைசி நாள் நாலு மணி வெயிலிலிருந்து சுடச்சுட அள்ளிச் சம்படத்தில் கொட்டி மூடினேன். சூடு ஆறும்போது உள்ளே இருந்த ஆவி மூடியில் முத்து முத்தாகப் படிந்து, மேலாக இருந்த வத்தல்மேல் சொட்டியது. இருபது நாள் கழித்துத் திறந்தால் மேலே சாம்பல் பூத்திருந்தது. மாமியார் ஒன்றும் திட்டவில்லை. "வத்தல் தூங்கி எந்திரிக்கணும் தாயி, அப்புறம்தான் அடைக்கணும்" என்றார். ராத்திரி முழுக்க வீட்டுக்குள் ஆறவிட்டு, மறுநாள் காலை இரண்டு மணி நேரம் வெயில் காட்டி, மறுபடி ஆறவிட்டு அடைப்பது. அன்றிலிருந்து அப்படித்தான்.

அதோடு நான் சேர்த்துக்கொண்ட ஒரு சோதனை உண்டு. முதல் வாரம் கண்ணாடிப் பாட்டிலில் முக்கால் அளவுக்கு மட்டும் போட்டு மூடி, தினமும் ஒரு தடவை குலுக்குங்கள். துண்டுகளுக்குள் ஏற்ற இறக்கமாக இருக்கும் ஈரம் சமமாகும். கண்ணாடியில் நீர்ப்பனி தெரிந்தாலோ, துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டினாலோ உடனே வெயிலுக்கு. ஏழு நாள் ஒன்றும் தெரியாவிட்டால் பயமில்லாமல் சம்படத்துக்கு மாற்றலாம். பெரிய டின் ஒன்றைவிடச் சின்னச் சின்னப் பாட்டில்கள் நல்லது. ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் ஈரக்காற்று நுழைகிறது. ஈரக் கையை உள்ளே விடாதீர்கள்.

வண்டு வருகிறதென்றால் அதன் முட்டை காயப்போட்ட இடத்திலேயே ஏறியிருக்கலாம். அடைத்த பாட்டிலை உறைபெட்டியில் இரண்டு நாள் முழுசாக வைத்தெடுத்தால் முட்டையும் புழுவும் சாகும். வெளியே எடுத்ததும் திறக்காதீர்கள், அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறங்கள்.

மீன், கறி?

கருவாடு கடலோரத்தில் தலைமுறையாகச் செய்கிறவர்கள் கைப்பக்குவம். நிறைய உப்பு, நல்ல காற்று, பிடித்த சில மணி நேரத்துக்குள் வேலை. அடுக்குமாடியில் முயலாதீர்கள், வாங்கிக்கொள்ளுங்கள். உப்புக்கண்டம் எங்கள் பக்கம் போடுவார்கள். கறியை நீளநீளமாக அரிந்து, உப்பு, மஞ்சள், பூண்டு தடவி, நூலில் கோத்துக் கொடியில் தொங்கவிடுவது. நம் வெயிலின் சூடு கறியிலிருக்கும் கிருமியைக் கொல்லப் போதாது. நான் செய்தால் முதலில் ஆவி பறக்க வேகவைத்துவிட்டுத்தான் காயப்போடுவேன். ருசி கொஞ்சம் மாறும், பரவாயில்லை.

சத்து போய்விடாதா? உப்பு அதிகமாயிற்றே?

வைட்டமின் சி பெரும்பாலும் போகும். நார்ச்சத்தும் தாது உப்புகளும் இருக்கும். பச்சைக் காய்க்கு மாற்றாக வத்தலை நினைக்க வேண்டாம். காய் கிடைக்காத நாளுக்கும், நாக்கு செத்துப்போன காய்ச்சல் நாளுக்கும் அது துணை. உப்பு பற்றிய கவலை நியாயம். ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குள் இருக்கட்டும் என்கிறது உலகச் சுகாதார அமைப்பு. ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் வீட்டில் சீனியவரை, வெண்டையை உப்பில்லாமலே காயவைக்கலாம், வறண்ட காற்றுள்ள ஊராக இருந்தால். சென்னையில் உப்பைக் குறைத்தால் காய்வதற்கு முன் கெட்டுவிடுகிறது. வத்தக்குழம்புக்கு வத்தல் போடும்போது குழம்பில் உப்பே போடாமல் தொடங்கி, கொதித்த பிறகு ருசி பார்த்துச் சேருங்கள்.

இதுவரை போட்டதே இல்லை. எதில் தொடங்கலாம்?

சீனியவரை. அரை கிலோ இளசாக வாங்குங்கள், காம்பும் நாரும் எடுத்து முழுசாகவே வையுங்கள். உப்பு மஞ்சள் நீரில் மூன்று நிமிஷம், வடிதட்டில் பத்து நிமிஷம், பிறகு வேட்டியில். சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் போட்டால் ஞாயிறு சாயங்காலம் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று தெரிந்துவிடும். செவ்வாய், புதனுக்குள் ஒடியும். ஒடிந்த முதல் கைப்பிடியை அன்றைக்கே நல்லெண்ணெயில் போட்டுப் பொன்னிறத்துக்குச் சற்று முன்பே எடுத்துவிடுங்கள், அடுப்பிலிருந்து இறக்கிய பிறகும் நிறம் ஏறும்.